இச்சிகாவா ஃபுசாயே பற்றித் திருகோணமலையில் உரையாற்ற ஆயத்தமாவோருக்கு

மகளிர் தினத்தையொட்டி நம்மூர் மாதர் சங்கத்திலோ பாடசாலையிலோ ஜப்பானிய வாக்குரிமைப் போராளி இச்சிகாவா ஃபுசாயே (1893–1981) குறித்துப் பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டவர், அவர் பிறந்த ஊரிலிருந்தல்ல, அவர் எதிர்த்த சட்டத்திலிருந்து உரையைத் தொடங்குவது நல்லது. 1900 ஆம் ஆண்டின் பொது அமைதிப் பொலிஸ் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, பெண்கள் அரசியல் கட்சியில் சேர்வதை மட்டுமன்றி, அரசியல் கூட்டத்திற்குச் சென்று அமர்ந்து கேட்பதையும் தடைசெய்திருந்தது. இதைச் சொன்னபின் மண்டபத்திலுள்ள பெண்களை ஒருமுறை பார்த்தாலே போதும், விளக்கவுரை வேண்டியதில்லை.

இச்சிகாவா என்பது குடும்பப் பெயர். தந்தை பெயரை முன்னே வைக்கும் நமக்கு அந்த வரிசை சிரமம் தராது. இளமைப் பருவத்தைச் சுருக்கிவிடலாம்: ஐச்சி மாகாணத்து விவசாயக் குடும்பம், தாயை அடிக்கும் தந்தை, பின்னர் ஆசிரியத் தொழில், பத்திரிகைப் பணி. பெண்ணிய எழுத்தாளர் ஹிரட்சுகா ரைச்சோவுடன் அவர் தொடங்கிய புதிய பெண்கள் சங்கத்தின் முயற்சியால் 1922 இல் கூட்டங்களுக்குச் செல்லும் தடை நீங்கியது. கட்சியில் சேரும் தடை நீடித்தது. அமெரிக்காவிலிருந்து 1924 இல் திரும்பியவர், அவ்வாண்டே வாக்குரிமைக்கெனத் தனி அமைப்பை உருவாக்கினார்.

இவ்விடத்தில் நம் நாட்டை ஒப்பிடுங்கள். டொனமூர் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தால் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 1931 இலேயே, உள்ளூராட்சி அளவில் பெண்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட உரிமை வழங்கும் மசோதாவை ஜப்பானிய மேலவை நிராகரித்தது.

அடுத்த பகுதிக்கு மூன்று நிமிடமேனும் ஒதுக்குங்கள். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் குண்டுவீசித் தாக்கியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் முன்னே, போர்க்காலத்தில் இச்சிகாவா அரசுசார் பெண்கள் அமைப்புகளுடனும் எழுத்தாளர் சங்கமொன்றுடனும் ஒத்துழைத்ததை மறைத்துப் பேசுவது, கேட்போரை மட்டுமல்ல, அவரையும் சிறுமைப்படுத்தும். போர் முடிந்து பத்தே நாளில் பெண்களைத் திரட்டி வாக்குரிமையை வலியுறுத்தியவரும் அவரே. 1945 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 1946 ஏப்ரல் 10 தேர்தலில் 39 பெண்கள் நாடாளுமன்றம் சென்றனர். இச்சிகாவாவோ போர்க்காலப் பங்கிற்காக 1947 முதல் 1950 வரை பொதுப் பதவி வகிக்கத் தடைசெய்யப்பட்டார். இவ்விரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களிலேயே சொல்லுங்கள்.

மேலவை வாழ்க்கையில் அவர் தேர்தல் நடத்திய முறையே சுவையானது: 1953 இல் கட்சிச் சார்பின்றி, தொண்டர்களை நம்பி, மிகக் குறைந்த செலவில் வென்றார். 1971 இல் தோற்று, 1974 இல் மீண்டு, 1980 இல் 87 வயதில், நாடு முழுவதும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்ட தேசியத் தொகுதியில் அதிக வாக்குகள் பெற்றார். விருதுகளுக்கு ஒரு வாக்கியம் போதும். மக்சேசே விருது 1974 இல் கிடைத்தது.

கேள்வி நேரத்தில், குண்டு போட்ட நாட்டுப் பெண்ணை எதற்குப் புகழ்கிறீர்கள் என்று ஒரு முதியவர் நிச்சயம் கேட்பார். அப்போது தாளைப் புரட்டாமல் சொல்லும்படி, தடை விதிக்கப்பட்ட அந்த ஆண்டுகளையும் அதற்கான காரணத்தையும் மனனம் செய்து வைத்திருங்கள்.