சி நிரலில் பெயரிலிருந்து முகவரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் நெட்வொர்க் நிரல் எழுதுகிற பலரும் ‘ஒரு சர்வர் பெயருக்கு ஒரு ஐபி முகவரி’ என்ற நினைப்போடுதான் தொடங்குகிறார்கள். பழைய பாடக் குறிப்புகளில் இன்னும் உலவும், பெயருக்கு முகவரி தேடித்தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் ஃபங்ஷன் அதற்குத் தூபம் போடுகிறது. நடைமுறையில் அது பழைய வகையான ஐபிவி4 முகவரிகளோடு நின்றுவிடும், புதிய ஐபிவி6 பக்கம் போகாது. விடையையும் ஒரே நிலையான இடத்தில் வைப்பதால், அடுத்த அழைப்பு முந்தைய விடையை அழித்துவிடலாம். இரண்டு த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008 போசிக்ஸ் தரத்திலேயே அதை நீக்கிவிட்டார்கள். புது நிரலில் அதற்கு இடம் கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, அதற்குப் பதிலாக, முகவரிகளைப் பட்டியலாகத் தரும் கெட்அட்ர்இன்ஃபோவுக்கு மாறியாயிற்று. அப்போதும் பழைய பழக்கம் கூடவே வருகிறது: பட்டியலில் முதல் முகவரியை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது. முதலில் வந்தது ஐபிவி6 முகவரி, ஆனால் அந்தப் பாதை எங்கோ உடைந்திருக்கிறது என்றால், நிரல் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று கைவிரித்துவிடும். வேலை செய்யக்கூடிய ஐபிவி4 முகவரி பட்டியலில் அதற்கு அடுத்தே இருக்கும்! பட்டியலில் அடுத்ததைக் காட்டும் ஏஐ_நெக்ஸ்ட் வழியே ஒவ்வொன்றாகப் போங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் புதிதாக சாக்கெட் (இணைப்பு முனை) திறந்து, கனெக்ட் தோற்றால் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மூட மறந்தால் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்தவற்றுக்கு இயங்குதளம் தரும் எண்கள்) கசியும். கடைசியில் பட்டியலின் நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோவுக்குக் கொடுக்க வேண்டியது பட்டியலின் தலையை. லூப்பில் நகர்த்திய பாயின்டரைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

எந்த வகை முகவரி வேண்டும் என்று கெட்அட்ர்இன்ஃபோவுக்குச் சொல்லும் ஹின்ட்ஸ் கட்டமைப்பை மெம்செட்டால் பூஜ்யமாக்காமல் அனுப்புவது இன்னொரு வம்பு. ஸ்டாக்கில் கிடந்த குப்பை அதன் ஏஐ_ஃப்ளாக்ஸ் புலத்தில் போய் உட்காரும். டீபக் பில்டில் ஓடும், ஆப்டிமைசேஷன் போட்டால் ஓடாது. சாக்கெட் வகையைக் குறிக்கும் ஏஐ_சாக்டைப்பை நிரப்பாமல் விட்டால் லினக்ஸில் ஒரே முகவரி வழக்கமாக மூன்று முறை வரும்: ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று வகைக்கு ஒன்று. அதைப் பார்த்து டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் இணையச் சேவை) மேல் பழிபோட வேண்டாம்.

கெட்அட்ர்இன்ஃபோ தோற்றால், காரணத்தை வழக்கமான பிழை எண் மாறியான எர்னோவில் தேடுவதும் வீண். அதை அச்சிடும் பெரர் ‘சக்சஸ்’ என்று அச்சிட்டு உங்களைக் குழப்பும். திரும்பி வந்த எண்ணை ஜிஏஐ_ஸ்ட்ரெரருக்குக் கொடுத்தால் காரணம் தெரியும். ஈஏஐ_சிஸ்டம் என்ற எண் வந்தால் மட்டும் எர்னோவைப் பாருங்கள். ஈஏஐ_அகெய்ன் தற்காலிகக் கோளாறு, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். அதையும் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்பதையும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள்.

முகவரியை அச்சிட ஐநெட்_என்டோஏ வேண்டாம். ஒரே பிரின்டெஃப்பில் அதை இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே முகவரி வரும், காரணம் அதே நிலையான பஃபர். பஃபரை நாமே கொடுக்கும் ஐநெட்_என்டாப் போதும், ஐபிவி6க்கு 46 பைட் பஃபர் கொடுங்கள். அப்புறம், எதிர்த்திசையில், அதாவது உரையிலிருந்து முகவரிக்குப் போகும் ஐநெட்_பிடான் தவறான உரைக்கு 0 தரும், -1 அல்ல. ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று மட்டும் சோதித்தால் குப்பை உள்ளே நுழைந்துவிடும். ஏற்கும் இணைப்பின் முகவரியை வெறும் சாக்அட்ர் கட்டமைப்பில் வாங்காதீர்கள்: லினக்ஸில் அது 16 பைட், ஐபிவி6 முகவரிக் கட்டமைப்போ 28 பைட். எந்த வகை முகவரியும் கொள்ளும் சாக்அட்ர்_ஸ்டோரேஜ் இருப்பதே அதற்காகத்தான்.

சாக்கெட்டை நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும் முறை) ஆக்கிவிட்டோம், இனி எதுவும் நிற்காது என்று சிலர் நம்புகிறார்கள். பெயர் தேடல் சாக்கெட் பிறப்பதற்கு முன்பே நடக்கிறது, அந்த அமைப்பு இதைத் தொடாது. பதில் வராத டிஎன்எஸ் சர்வருக்காக லினக்ஸில் இயல்பாக 5 விநாடி காத்திருந்து, இன்னொரு முறையும் கேட்கும். அதுவரை நிகழ்வுகளைக் கவனித்துச் சுழலும் ஈவென்ட் லூப் முழுதும் உறைந்து கிடக்கும். தேடலைத் தனி த்ரெட்டில் விடுங்கள், அல்லது காத்திருக்க வைக்காமல் தேடும் சி-ஏர்ஸ் போன்ற நூலகத்திடம் ஒப்படையுங்கள்.