காற்றுச் சுரங்கத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

என் அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, விமானப் பொறியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறான். மூன்று வாரமாக அவனோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே படிப்பில் நான் சேர்ந்தபோது, என்னோடு இப்படி அலைய ஆளில்லை. விளம்பரத் தாளில் இருந்த ராக்கெட் படத்தை நம்பி அப்பா பணம் கட்டினார்.

மூன்றாம் ஆண்டில்தான் ஏரோடைனமிக்ஸ் ஆய்வகத்துக்குள் எங்களை விட்டார்கள். மாதிரி இறக்கையின்மேல் காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருந்தது; அதன் மோட்டார் எரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானோமீட்டர் குழல்களில் திரவம் வற்றிக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. முந்தைய அணி மாணவர்களின் அளவீடுகளைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். கோணம் கூடக் கூட ஏறிவந்த தூக்குவிசையை ஓர் இறக்கை சட்டென்று இழப்பதை நான் கண்ணால் பார்த்தது எம்.டெக். சேர்ந்த பிறகுதான். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதலில் ஆய்வகத்தைப் பாருங்கள். சேர்க்கைக்கான திறந்த நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் சாதாரண வேலை நாளில் போங்கள். காற்றுச் சுரங்கத்தை ஓட்டிக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். சோதனைப் பகுதியின் அளவு என்ன, அதிகபட்ச வேகம் எவ்வளவு, கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள். தினமும் அதைத் தொடுகிறவர் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார். பயன்பாட்டுப் பதிவேடு இருந்தால் தேதிகளைப் பாருங்கள். வாசலில் நிறுத்தியிருக்கும் பழைய விமானம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். மாணவர்கள் அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்து நூலகம். ஏரோநாட்டிகல் துறையின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கைகள் நான்கைந்தை வாங்கிப் புரட்டுங்கள். கணினியில் வரைந்த வண்ணப் படங்கள் மட்டும் இருக்கின்றனவா, மாதிரி செய்து அளந்து, கணக்கோடு ஒப்பிட்ட வரைபடமும் இருக்கிறதா? ஒப்பீடு பொருந்தாமல் போய், அதற்கான காரணத்தை மாணவன் எழுதியிருந்தால், அந்தத் துறையில் நல்ல ஆசிரியர் ஒருவராவது இருக்கிறார் என்று நம்புவேன். உந்துவிசைப் பாடத்தையும் விமானக் கட்டமைப்புப் பாடத்தையும் யார் நடத்துகிறார்கள், அவர்கள் எதில் ஆய்வு செய்தவர்கள் என்பதையும் விசாரியுங்கள்.

தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தரப்படுவது. கல்லூரியின் மெக்கானிக்கல் பிரிவுக்கு இருப்பதால் ஏரோநாட்டிகலுக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வேலைவாய்ப்புப் பட்டியலையும் துறைவாரியாகவே கேளுங்கள்.

ஏரோநாட்டிகல் என்பது வளிமண்டலத்துக்குள் பறப்பவை பற்றியது. ஏரோஸ்பேஸில் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் சேரும். இளநிலையில் இரண்டுக்கும் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பெயரை விட்டுப் பாடத்திட்டத்தை ஒப்பிடுங்கள். விமானப் பராமரிப்புப் படிப்பு முற்றிலும் வேறு: விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் உரிமம் பெற்று, பறக்கும் விமானங்களைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் வேலை அது. நல்ல தொழில்தான், ஆனால் வடிவமைப்பில் ஆசை உள்ளவர் தெரியாமல் அதில் சேர்ந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டு மாணவருக்கு என் முதல் தேர்வு சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. 1949-இல் தொடங்கியது; அப்துல் கலாம் ஏரோநாட்டிகல் படித்த இடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம் என்பதால் பொறியியல் கலந்தாய்வு மூலமே சேரலாம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறக்க வேண்டாம்.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுகிறவர்களுக்குச் சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.கள் இருக்கின்றன. கான்பூர் வளாகத்துக்குள்ளேயே விமான ஓடுதளம் இருக்கிறது. மாணவர்கள் விமானத்தில் ஏறிப் பறந்து அளவெடுக்கிறார்கள். அதே தேர்வின் தரவரிசையைக் கொண்டு, விண்வெளித் துறையின் கீழ் 2007-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. எனும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் சேர்க்கை நடத்துகிறது. ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இஸ்ரோ தன் பொது ஆள்சேர்ப்பில் பெரும்பாலும் எடுப்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிகளை. இஸ்ரோ மட்டுமே கனவு என்றால், ஆய்வகமே இல்லாத கல்லூரியின் ஏரோஸ்பேஸைவிட நல்ல கல்லூரியின் மெக்கானிக்கல் மேல். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான் லாகூரில் மெக்கானிக்கல் முடித்த பிறகுதான் அமெரிக்காவில் விமானப் பொறியியல் படித்தார். அவர் பின்னாளில் தலைமையேற்ற பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1942 முதல் இந்தத் துறை இருக்கிறது. பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். நான் பிழைத்ததும் கேட் எழுதியதால்தான்.

நேற்று போன கல்லூரி பெரிய பெயர் பெற்றதல்ல. சுவரில் வண்ணம் உதிர்ந்திருந்தது. எங்கள் கேள்வியைக் கேட்டதும் ஆய்வக உதவியாளர் பேசாமல் சுவிட்சைப் போட்டார். குழல்களில் திரவம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, இறக்கையின் கோணத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தன. அக்கா மகன் தன் நோட்டை நீட்டி, "இந்தக் கோணம் எத்தனை டிகிரி, அண்ணா?" என்று கேட்டான்.

"நீயே வந்து பார்த்து எழுதிக்கொள்" என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.