ஆட்டிசம் விழிப்புணர்வு: நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள்

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி, 2008 முதல் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. நீல விளக்கு, பேரணி, டி-ஷர்ட், மேடைப் பேச்சு எல்லாம் அன்றைக்கு ஜோராக நடக்கும். மறுநாள் காலையில், அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு அம்மா "என் பிள்ளையும் நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கான், எங்கே காட்டணும்?" என்று போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா? நிபுணர்கள் ஒருசில பெருநகரங்களில் மட்டும் இருக்கிற வளரும் நாடுகளில், விழிப்புணர்வு வேலை பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

போக வழி சொல்லாமல் பயத்தைக் கிளப்புவது

முதலில் ஒரு கணக்கு. ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் பயன்படுத்திவந்த மதிப்பீடு. ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில், ஆயிரம் பேருக்கு 20 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,000 குழந்தைகள். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 12,000 பேர் இருப்பார்கள். அவர்களில் 120 பேருக்கு ஆட்டிசம் இருக்கலாம். ஒரு குழந்தையை முறையாக மதிப்பிட இரண்டு மூன்று மணி நேரமாவது தேவை. பக்கத்து மையத்தில் வாரத்துக்கு இரண்டு குழந்தைகளைத்தான் பார்க்க முடியும் என்றால், எல்லோரையும் பார்த்து முடிக்க 60 வாரம் ஆகும். காது கேளாமை, பேச்சுத் தாமதம் போன்ற வேறு காரணங்களுக்காக வருபவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அதனால் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே மதிப்பீடு செய்யும் மையங்களுக்குப் போன் போட்டு நாலு விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தக் கிழமை பார்க்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் பேசுவார்கள். வாரத்துக்கு இரண்டு பேர்தான் என்று பதில் வந்தால் ஊர் முழுக்க ஒலிபெருக்கி வைக்காமல், நாலைந்து தெருக்களில் மட்டும் தொடங்குவது நல்லது. இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் வரிசையில் ஒரு வருடம் காத்திருந்து அலுத்துப்போன குடும்பம் இரண்டாம் முறை கூப்பிட்டால் வராது.

காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்றுமே செய்ய முடியாது என்றும் நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் கொண்டது. நிபுணர் அல்லாதவர்களும் கற்றுக்கொண்டு நடத்தலாம். குளிப்பது, சாப்பிடுவது, விளையாடுவது என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே குழந்தையோடு தொடர்பை வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறது. மதிப்பீட்டுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை இதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பேச்சை மட்டும் அடையாளமாகச் சொல்வது

"குழந்தை பேசவில்லையா? ஆட்டிசமாக இருக்கலாம்!" என்ற ஒற்றை வரி சுவரொட்டிகளில் அடிக்கடி வரும். இது இரண்டு பக்கமும் கெடுக்கிறது. பேச்சு தாமதமான எல்லாக் குழந்தைகளின் பெற்றோரையும் இது பயமுறுத்துகிறது. விளம்பரப் பாட்டை வரி பிசகாமல் ஒப்பிக்கிற, இரண்டு வயதிலேயே எழுத்துக்களைப் படிக்கிற குழந்தையின் பெற்றோரோ நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒப்பிப்பதும் பேசுவதும் வேறு வேறு. தண்ணீர் வேண்டும் என்று கேட்க அந்தக் குழந்தைக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

சொல்ல வேண்டிய அடையாளங்கள் வயதோடு சேர்ந்திருக்க வேண்டும். 12 மாதத்தில் மழலைச் சத்தம் இல்லை, விரல் நீட்டுவதோ கையசைப்பதோ இல்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் தானாகச் சொல்லும் இரண்டு சொல் சேர்ந்த பேச்சு இல்லை. எந்த வயதிலும், இருந்த பேச்சோ பழகும் திறனோ போய்விட்டது. கடைசியாகச் சொன்னதைப் பல நோட்டீஸ்களில் காணோம். பத்துச் சொல் பேசிக்கொண்டிருந்த குழந்தை ஒன்றரை வயதில் மௌனமானால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

விரல் நீட்டுவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வானத்தில் விமானம் போகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை அதைப் பார்க்கும், விரலை நீட்டும், உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி விமானத்தைப் பார்க்கும். விமானம் அதற்கு வேண்டாம், அம்மாவும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இந்த முகம் பார்த்தல் குறைவு. கதவு திறக்க வேண்டுமென்றால் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்த் தாழ்ப்பாள்மேல் வைக்கும், முகத்தை ஏறிட்டும் பார்க்காது. "என் பிள்ளை எதையும் கேட்டு வாங்கிக்குவானே" என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக, ஒரு நிமிட வீடியோவில் காட்டினால் போதும், பத்துப் பக்கக் கையேடு வேண்டாம்.

இன்னொன்று, காது. பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை டிவியில் பிடித்த பாட்டு வந்ததும் ஓடிவரும். "காது நல்லாத்தான் கேக்குது, பிடிவாதம்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். சில அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் பாட்டுக்கு ஓடிவரலாம். எனவே குடும்பத்தை மையத்துக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டில் செவித்திறன் பரிசோதனைக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

பெண் குழந்தைகளை மறந்துவிடுகிறார்கள். ஆண்களிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்பது உண்மைதான், அதற்காகச் சுவரொட்டியில் எப்போதும் பையன் படத்தையே போட வேண்டியதில்லை. ஓரமாக அமைதியாக உட்கார்ந்து பொம்மைகளை வரிசை வைக்கிற பெண் குழந்தையை "சமத்து" என்று சொல்லியே நாலு வருடம் ஓட்டிவிடுவார்கள்.

கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு வருவது

ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று முதல் கட்டமாகப் பார்க்க உதவும் எம்-சாட்-ஆர் (M-CHAT-R) என்ற கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது, பல மொழிகளில் இருக்கிறது, தன்னார்வலர்களுக்குப் பிடித்துப்போகிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். தவறு நடப்பது மதிப்பெண் போடும்போது. பெரும்பாலான கேள்விகளில் "இல்லை" என்றால்தான் ஒரு மதிப்பெண். ஆனால் 2, 5, 12 ஆகிய மூன்றும் தலைகீழ். காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்ததுண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைப்பதுண்டா, அன்றாடச் சத்தங்களுக்குத் தொந்தரவு அடைவதுண்டா என்ற இவற்றுக்கு "ஆம்" என்றால்தான் மதிப்பெண். இதைக் கவனிக்காமல் கூட்டினால் சாதாரணக் குழந்தைக்கும் மூன்று மதிப்பெண் வந்துவிடும், அந்தக் குடும்பம் அன்றிரவு தூங்காது.

0 முதல் 2 என்றால் கவலை குறைவு. குழந்தைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால், ஆன பிறகு ஒருமுறை திரும்பக் கேட்க வேண்டும். 3 முதல் 7 என்றால் தொடர் கேள்விகள் இருக்கின்றன, அவற்றையும் கேட்டு, அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் அனுப்ப வேண்டும். 8-ம் அதற்கு மேலும் என்றால் தொடர் கேள்விக்குக் காத்திராமல் நேரே அனுப்பலாம். முகாம்களில் நேரமில்லை என்று இந்தத் தொடர் கேள்விகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வீண் பயத்தைக் குறைக்கும் பகுதியே அதுதான்.

இரண்டு கட்டத்தையும் முடித்த பிறகும் அது நோயறிதல் ஆகாது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு கட்டத்திலும் சிக்கி, மதிப்பீட்டுக்கும் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. ஆனால் இருபதில் பத்தொன்பது பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. பெற்றோரிடம் சொல்ல வேண்டியதும் அதையே: "பேர் வைக்க இன்னும் நேரமிருக்கு, ஆனா காட்டாம விடாதீங்க." கேள்விகளை உங்கள் இஷ்டத்துக்கு மொழிபெயர்க்கவும் கூடாது. ஒரு உதாரணத்தை மாற்றினாலே கேள்வி வேறாகிவிடும்.

பொய்யைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது

"தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சின்னதாக "வராது" என்று விளக்குவார்கள். நின்று படிக்காதவர் மனதில் தங்குவது தலைப்பு மட்டும். அந்த வதந்தியே எட்டாத ஊரில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியம் நமக்கு வேண்டாம். யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள், உண்மையை முதலில் சொல்லுங்கள்: தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. வதந்தியில் அடிபடும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசி விஷயத்தில், 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து இதை உறுதி செய்தது. வதந்திக்கு மூலமான 1998-ம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட தி லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இப்போது அதைவிட அதிகம் பரவுவது செல்போன் கதை. போன் பார்ப்பதால் பேச்சுப் பழக்கம் குறையலாம், குறைப்பது நல்லதுதான். ஆனால் "செல்போனால் வரும் ஆட்டிசம்" என்று மேடையில் பேசினால் நடப்பது வேறு. அம்மாதான் போன் கொடுத்தாள் என்று வீட்டில் பழி விழும், "மூணு மாசம் போனை நிறுத்திப் பார்ப்போம்" என்று மதிப்பீடு தள்ளிப்போகும். போனையும் குறையுங்கள், குழந்தையையும் காட்டுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

தாயின் பாசம் போதவில்லை என்ற பழைய குற்றச்சாட்டு மருத்துவ உலகில் 1950, 60-களில் செல்வாக்கோடு இருந்து, ஆதாரமில்லாமல் கைவிடப்பட்டது. மரபணுக்களின் பங்கு பெரிது என்பதே இன்றைய புரிதல். அதையும் "பரம்பரை" என்று மொட்டையாகச் சொன்னால், யார் வீட்டு ரத்தம் என்ற சண்டைதான் மிஞ்சும். சில மரபணு மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை என்பதைச் சேர்த்துச் சொன்னால் அந்த வாய் பாதி அடங்கும்.

மருந்து விற்பவருக்கு மேடை கொடுப்பது

பந்தலுக்குப் பணம் இல்லாதபோது முதலில் வந்து நிற்பவர் "முழுமையாகக் குணப்படுத்துவேன்" என்கிறவராகத்தான் இருப்பார். ஸ்டெம் செல் ஊசி, உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை, உடலிலிருந்து உலோகம் நீக்கும் சிகிச்சை என்று பட்டியல் நீளும். இவை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உலோகம் நீக்கும் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இறந்தது, கால்சியம் அளவு அபாயகரமாக இறங்கிப்போனதால். பெயர்ப்பலகையில் அவர்கள் லோகோ இருந்தால் ஊர்க்காரர்களுக்கு அது உங்கள் சிபாரிசு. பந்தல் இல்லாமல் மரத்தடியில் நடத்துங்கள், பரவாயில்லை.

பூசை, மந்திரிப்பு என்று போகிறவர்களைக் கேலி செய்வதும் தவறு. குடும்பம் முதலில் நம்புவது அந்தப் பெரியவரைத்தான். பட்டினி போடுவது, சூடு வைப்பது போன்றவற்றை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிட்டு, "இங்கே வந்தவங்களை அங்கேயும் அனுப்புங்க" என்று பரிந்துரைச் சீட்டின் ஒரு கட்டை அவரிடமே கொடுத்துவையுங்கள்.

பரிதாபமும் மேதையும்

அழும் குழந்தையின் வீடியோவுக்கு லைக் குவியும். அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் அது இணையத்தில் இருக்கும். பெற்றோர் கையெழுத்து போட்டாலும் அந்தத் தருணத்தை எடுக்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. மறுகோடியில் கணிதப் புலி, இசை மேதை கதைகள். மிகச் சிலருக்கே அப்படிப்பட்ட திறமை. கதையைக் கேட்ட பெற்றோர் கழிப்பறைப் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டிய வயதில் கீபோர்டு வாங்கிவந்து காத்திருப்பார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரையாவது பேசவோ எழுதவோ அழைப்பது இந்த இரண்டுக்கும் மாற்று. பேசாதவர்கள் படங்களைக் காட்டியோ தட்டச்சு செய்தோ சொல்வார்கள், நேரம் கொடுங்கள்.

யாரிடம் முதலில் சொல்வது

பொதுமக்களிடம் போவதற்கு முன் ஆரம்ப சுகாதார ஊழியர்களிடமும் உள்ளூர் மருத்துவர்களிடமும் போக வேண்டும். ஏனென்றால் பயந்து வரும் பெற்றோரை "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும், வளர்ந்தா சரியாயிடும்" என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. அப்படி இழக்கும் ஒரு வருடத்தை எந்தப் பேரணியும் மீட்டுத்தராது. தடுப்பூசி போட வரும் நாள்தான் நல்ல வாய்ப்பு. ஊசி போடும் ஊழியர் "பேர் சொன்னா திரும்புறானா? விரல் நீட்டிக் காட்டுறானா?" என்று இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிடம் ஆகாது. அடுத்தது பாட்டிமார், பிறகு பள்ளி ஆசிரியர்கள்.

நிகழ்ச்சியிலேயே ஒரு வேடிக்கை நடக்கும்: ஆட்டிசம் விழிப்புணர்வுக்கு டிரம் செட், வெடி, உடைகிற பலூன்கள். காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை அழைத்துக்கொண்டு அம்மா வெளியேறுவார். ஒலிபெருக்கியைக் குறைத்து, ஒரு அறையை அமைதிக்கு ஒதுக்கி, வரிசையில் நிற்கவைக்காமல் நேரம் சொல்லி அழைத்தால் போதும்.

வந்தவர்களின் தலையை எண்ணுவது

"5,000 நோட்டீஸ் கொடுத்தோம், 800 பேர் வந்தார்கள்" என்ற அறிக்கையால் எதுவும் தெரியாது. பரிந்துரைச் சீட்டை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று உங்களுக்கு. அதில் மையத்தின் பெயர், நாள், நேரம், போன் எண், கொண்டுபோக வேண்டியவை (தடுப்பூசி அட்டை, குழந்தை வீட்டில் விளையாடும் இரண்டு நிமிட வீடியோ) இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து போனார்களா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பஸ் செலவு, ஒரு நாள் கூலி போய்விடும், மாமியார் வேண்டாம் என்றார், போனோம் டாக்டர் இல்லை. முப்பது நாற்பது சீட்டு சேர்ந்ததும் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பஸ் செலவுதான் காரணமென்றால் அடுத்த ஏப்ரலின் டி-ஷர்ட் பணம் பஸ்ஸுக்குப் போகட்டும்.