பழைய சமையல் சாமானும் பண்டிகை அலங்காரமும்: சேலத்தில் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

என்னிடம் ஒரு அச்சு முறுக்குக் கம்பி இருக்கிறது. கம்பி இரும்பு, முனையில் இருக்கும் பூ பித்தளை. எட்டு இதழில் ஒன்று மட்டும் கொஞ்சம் குண்டு. அந்த இதழ்ப் பக்கம் மாவு தடிமனாக ஒட்டும், எண்ணெயில் கடைசியாகத்தான் சிவக்கும். ஏற்காட்டில் ஒரு பாட்டி கொடுத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஒரே கம்பியில் தெருவுக்கே சுட்டாராம்.

பழசு என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். தேங்காய் துருவக் கிளி தேவையில்லை. ஆனாலும் ஒருவர் அருவாமனைத் துருவியின் கழுத்தில் ஒரு கிளியை உட்கார வைத்திருக்கிறார். வேலைக்கு அவசியமே இல்லாத அந்தக் கிளிக்காகத்தான் நான் வாங்குகிறேன். நீங்களும் கிளியைத் தேடுங்கள்.

படி 1: ஒரே வகையில் தொடங்குங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஆறு மாதத்தில் வீடு குடோன் ஆகிவிடும். பண்டிகைப் பலகாரச் சாமான் தொடக்கத்துக்கு நல்லது. அச்சு முறுக்குக் கம்பி, முறுக்கு உழக்கு, ஓரத்தில் பல் வைத்த சக்கரம் உள்ள சோமாசிக் கரண்டி, மோதக அச்சு. எல்லாம் சின்னவை, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கும். சமையலும் பண்டிகையும் ஒரே பொருளில் கிடைத்துவிடும்.

படி 2: கடைக்கு முன்னால் பரண்

முதலில் சொந்த வீட்டுப் பரணில் ஏறுங்கள். அடுத்து அத்தை, பெரியம்மா வீடு. எவர்சில்வர் வந்தபோது பித்தளையெல்லாம் எடைக்குப் போய்விட்டது. எவர்சில்வர் தகடு செய்யும் எங்கள் ஊர் உருக்காலை 1981இல் ஓடத் தொடங்கிய பிறகு பிறந்தவர்கள் பலருக்கு வீட்டில் பித்தளைக் குடத்தைப் பார்த்த நினைவே இருக்காது. ஆனால் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, குங்குமச் சிமிழ், சுண்ணாம்பு டப்பி மாதிரிச் சின்னச் சாமான்களைப் போட்டால் பெரிய எடை வராது என்று பலர் விட்டுவைத்திருப்பார்கள். தேட வேண்டியது அதைத்தான்.

எடுக்கும்போதே கேளுங்கள்: "இது யாரோடதுங்க பெரியம்மா?" பதிலை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

படி 3: பழைய பாத்திரக் கடை

செவ்வாய்ப்பேட்டை, சின்னக்கடை வீதிப் பக்கம் நடந்தால், பழைய பித்தளை எடுக்கும் பாத்திரக் கடைகளை விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். அங்கே வருவது பெரும்பாலும் உருக்கப் போகிற சரக்கு. முதலில் அன்றைய பழைய பித்தளை விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஏனுங்கண்ணா, மூட்டையப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்துக்கலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நாலு முறை போனால், பறவை, மீன் போட்டது எதுவும் வந்தால் அவர்களே எடுத்து வைப்பார்கள்.

படி 4: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். பீங்கான் ஊறுகாய் ஜாடியை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, டொக்கென்றால் எங்கோ விரிசல்.

அப்புறம் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சில சமயம் கல்யாணத் தேதியும் இருக்கும். பெயர் வெட்டிய பொருளும் வெட்டாததும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

படி 5: மலைக்குப் போங்கள்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் பங்களாக்களும் தேவாலயங்களும் கான்வென்ட் பள்ளிகளும் பின்னால் வந்தன. அதனால் ஏற்காட்டுப் பழைய வீடுகளில் கீழே அதிகம் பார்க்காத சாமான்கள் இருக்கும்: கைப்பிடி சுற்றிக் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின், எனாமல் தட்டு, பூ வடிவக் கேக் டின், கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் கண்ணாடி உருண்டை, குடில் பொம்மைகள்.

வீடு காலி செய்கிறவர்கள், பெட்டியைப் பிரிக்கிறவர்கள் பற்றித் தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்துப் போங்கள். யார் வீட்டுக் கதவையும் திடீரென்று தட்டாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதால் கண்ணாடிச் சாமானை முட்டை அட்டையில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் போட்டால் வீடு வந்து சேராது.

படி 6: சுத்தம் செய்வது

இங்கேதான் நிறைய பொருள் வீணாகிறது. நானும் இரண்டை இழந்திருக்கிறேன். ஒரு சொம்பைப் பாலிஷுக்குக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, வெட்டியிருந்த தேதி போய்விட்டது. அதிலிருந்து மிஷின் பாலிஷ் பக்கமே போவதில்லை. புளியும் உப்பும் போட்டு, துணியால் வட்டமாகத் தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். ஈரம் நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெயர் வெட்டிய இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இரண்டாவது, ஒரு சிவப்புக் கண்ணாடி உருண்டை. ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். சிவப்பு முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. பழைய உருண்டைகளில் வெள்ளிப் பூச்சு உள்பக்கம், வண்ணம் வெளிப்பக்கம். அந்த வண்ணம் தண்ணீர் தாங்காது. மெல்லிய, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். காகிதக்கூழ் கொலு பொம்மைக்கும் இதே விதிதான்.

அச்சு முறுக்குக் கம்பிக்கு மட்டும் வேறு வைத்தியம். துருவை எடுத்து, நன்றாகக் கழுவி உலர்த்தி, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊற விடுங்கள். மறுநாள் சூடான எண்ணெயில் அச்சை நன்றாகக் காய விட்டு மாவில் முக்கால் பாகம் மட்டும் தோயுங்கள். முழுக்க முங்கினால் முறுக்கு கழன்று வராது. முதல் நாலைந்து ஒட்டும். அதற்குப் பிறகு தானாகக் கழலும்.

படி 7: எதில் சமைக்கலாம்?

ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளையில் புளி, தயிர் சேர்ந்த எதையும் வைக்காதீர்கள். ஈயம் பூசியதை வெறுமனே அடுப்பில் காய விடக் கூடாது, பூச்சு உருகிவிடும். பழைய ஈயச்சொம்பில் நச்சான காரீயம் கலந்திருக்கலாம். பரிசோதிக்காமல் ரசம் வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். பழைய வண்ணம் உரிகிற பொம்மைகளைக் கைக்குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

படி 8: எடுத்து வைப்பது

என் வீட்டில் நவராத்திரிக் கொலுவின் கடைசிப் படி முழுக்கச் சமையல் சாமான்தான். மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் பக்கத்தில் பாலாடையும் கிளித் துருவியும் உட்காரும். டிசம்பரில் அதே படியில் குடில்.

கொலு இறக்கும்போது ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு இரண்டு போட்டு, பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: பொருள், கொடுத்தவர், வந்த வருஷம். என் முறுக்குக் கம்பியின் சீட்டில் நாலாவதாக ஒரு வரி இருக்கிறது: "குண்டு இதழ் பக்கம் சிவந்த பிறகு எடுக்கவும்." பாட்டி சொன்னது.