சென்னை மாணவர் இதழியல் மாநாட்டுக்குப் பள்ளிக் குழுவை அழைத்துப் போவது எப்படி

மதுரை, நெல்லை, கோவைப் பக்கமிருந்து சென்னையில் சனி, ஞாயிறு நடக்கும் மாணவர் இதழியல் மாநாட்டுக்குப் போவதென்றால், வெள்ளி இரவு ரயில் ஏறி திங்கள் காலை ஊர் திரும்புவதுதான் தோதான திட்டம். அந்த இரண்டு நாளில் பிள்ளைகள் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டு வருவார்களா என்பது, கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டிய ஏற்பாட்டைப் பொறுத்தது.

முதலில் ஆள் கணக்கு. 10 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். மாணவிகள் வந்தால் ஆசிரியர்களில் ஒருவர் கட்டாயம் பெண். இந்த 12-க்குக் காரணம் இருக்கிறது: ஐஆர்சிடிசியில் ஒரு டிக்கெட்டில் 6 பேருக்குத்தான் பதிய முடியும். ஆக இரண்டு டிக்கெட். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்களையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டால், மற்ற 6 பேருக்கு வேறு பெட்டியில் இடம் விழும்போது பெரியவர் துணையே இல்லாமல் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள். டிக்கெட் பரிசோதகர் கேட்கும்போது ஒரு டிக்கெட்டுக்கு ஒருவராவது அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பதும் இதில் சரியாகிவிடும்.

யாரை அழைத்துப் போவது? நன்றாக எழுதும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். அவர்கள் கற்றது மார்ச்சுக்குப் பிறகு பள்ளியை விட்டு அவர்களோடு போய்விடும். குழுவில் பாதிப் பேராவது ஒன்பதாம், பதினோராம் வகுப்பாக இருக்கட்டும். எழுதுபவர்கள் மட்டும் போதாது. பக்கம் வடிவமைப்பவர் ஒருவர், படம் எடுப்பவர் ஒருவர் வேண்டும்.

பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து, இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். அதன் நகல் இரண்டு ஆசிரியர்களின் பையிலும் காகிதமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப முடியாது. அரசுப் பள்ளியென்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன், காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளி இரவு கூட்டம் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும், ஞாயிறு இரவு ஊரிலிருந்து சென்னைக்கு வரும். நீங்கள் போவது எதிர்த்திசை என்பதால் சாதாரண வாரங்களில் இடம் கிடைப்பது கொஞ்சம் எளிது. பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரங்களில் இந்தக் கணக்கு செல்லாது. போகவும் வரவும் முழுவதும் உறுதியான டிக்கெட் மட்டும் எடுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் அத்தனை பேரும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அது தானாக ரத்தாகிவிடும்.

திரும்பும் ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் போகும் ரயில்கள் சென்ட்ரலிலும், தென் மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூரிலும், சில தாம்பரத்திலும் கிளம்பும். சென்ட்ரலும் எழும்பூரும் மெட்ரோவில் அடுத்தடுத்த நிறுத்தங்கள், மாற்றிப் போனாலும் சமாளிக்கலாம். தாம்பரம் அப்படியில்லை. அரசுப் பேருந்தில் தெற்கேயிருந்து வந்தால் இறங்குவது கோயம்பேட்டில் அல்ல, கிளாம்பாக்கத்தில். அங்கிருந்து நகருக்குள் வர ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

காலை 5 மணிக்கு இறங்கி, குளித்து 9 மணிக்கு அரங்கில் இருக்க வேண்டும். விடுதியில் பதியும்போது 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். பகல் கணக்கென்றால், காலை 5 மணிக்கு நுழைவதற்கு முந்தைய நாள் வாடகையும் கேட்பார்கள்.

அடுத்தது எழுத்துரு. தமிழ் இதழ்க் குழுக்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பல பள்ளிகளில் இதழ் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாராகிறது. அந்தக் கோப்பை மாநாட்டு அரங்கின் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் இருந்தாலும் தப்பிக்க முடியாது. இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாநாட்டில் காட்டப்போகும் பக்கங்கள் எல்லாவற்றையும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக்கி, பள்ளியில் வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே பென் டிரைவில் ஏற்றுங்கள்.

மாநாட்டில் உடனடிச் செய்தி எழுதும் போட்டி இருந்து, அது கணினியில் என்றால் இன்னொரு சிக்கல். ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’ என்பதற்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டிப் பழகிய மாணவி, தமிழ்99 விசைப்பலகை மட்டும் உள்ள கணினியில் ஒரு வரிகூட அடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அமைப்பாளர்களிடம் எந்த விசைப்பலகை என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழ்99 என்றால் தினம் அரை மணி நேரமாக மூன்று வாரம் பழகினால் கை வந்துவிடும். கையால் எழுத அனுமதி உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

பையில் போக வேண்டியவை: உங்கள் இதழின் கடைசி இரண்டு வெளியீடுகள் 15 பிரதிகள், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கூடுதல் மெமரி கார்டு, ஆளுக்கு ஒரு குறிப்பேடு, இரண்டு பால்பாயின்ட் பேனா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் குடையும், கேமராவைச் சுற்ற பிளாஸ்டிக் உறையும். மாத்திரை, சானிட்டரி நாப்கின் இரண்டையும் பெண் ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

மாநாட்டில் 10 பேரும் ஒரே அமர்வில் கூட்டமாக உட்கார்வது வீண். ஒரே நேரத்தில் நடக்கும் அமர்வுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதி வரட்டும்: பேசியவரின் பெயர் தலைப்பெழுத்தோடு, அவர் சொன்னதில் ஒரு வாக்கியம் அப்படியே, நம் அடுத்த இதழில் செய்யக்கூடிய ஒன்று. இரவு அறையில் அரை மணி நேரம் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுத் தூங்கப் போனால் திங்கள் காலைக்குள் பாதி மறந்துவிடும்.

வேடிக்கை பார்க்கும் நேரத்தையும் செய்தி சேகரிப்பாக மாற்றலாம். திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த இல்லம் இருக்கிறது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனில் பாரதி வேலை பார்த்தவர் என்பதால், இதழ் நடத்தும் பிள்ளைகளுக்கு அது வெறும் நினைவிடமல்ல. காலையில் நேரம் இருந்தால் பட்டினப்பாக்கம் அருகே நொச்சிக்குப்பம் மீன் சந்தை. ‘விலை அதிகம்’ என்று எழுதி வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். எந்த மீன், ஒரு கூறு எவ்வளவு, அதில் எத்தனை மீன், நேற்று என்ன விலை என்று நாலு கேள்வி கேட்டு வந்தால்தான் செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது போனால் கதையே வேறு. படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மெரினாவில் கடலில் இறங்க யாருக்கும் அனுமதி தராதீர்கள், அலையின் இழுப்பு அங்கே மிகக் கடுமை.

குழந்தைகள் தொடர்பான குற்றச் செய்திகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதுவும் வரக்கூடாது. போக்சோ சட்டம் பிரிவு 23, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 இரண்டும் பள்ளி இதழுக்கும் பொருந்தும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு ரயிலில் 139, குழந்தைகள் உதவிக்கு 1098, மற்றவற்றுக்கு 112.

ஞாயிறு மாலை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்துக்கு வந்து, தலை எண்ணி, சாப்பாடு முடித்துவிடுங்கள். ஏறுவதற்குள் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இரண்டாவது மெமரி கார்டில் நகலெடுத்து, ஒன்றை ஒரு ஆசிரியரிடமும் மற்றதை இன்னொருவரிடமும் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இதழின் ஆசிரியர் குழுவில் உள்ள மாணவர்களுக்குக் கூட்டம் என்று கிளம்பும்போதே அறிவித்திருந்தால், திங்கள் இரவே முதல் வரைவு வந்து சேரும்.