லேத் பட்டறைக்காரங்க ஹைப்ரிட் வண்டி பார்ட்ஸுக்கு மாறுறது எப்படி?

கரண்ட் வண்டி வந்தா நம்ம பொழப்பு போச்சுன்னு புலம்புறவங்க ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட்டை (பெட்ரோல்லயும் ஓடும், ப்ளக்ல சொருகி சார்ஜ் போட்டு கரண்ட்லயும் ஓடும் வண்டி) கழட்டிப் பாக்கணும்ங்க, என்ஜின், பெட்ரோல் டேங்க், சைலன்ஸர் எல்லாம் அப்படியே இருக்கும், அதுக்கு மேல மோட்டார், இன்வர்ட்டர், பேட்டரி, சார்ஜர்னு இன்னொரு செட்டே இருக்கும். ரெண்டு வண்டி வேலை ஒரே வண்டியில!

முதல்ல உங்க மெஷின்ல என்ன செய்ய முடியும்னு பாருங்க. ஷீட் வளைக்கிறவங்க பேட்டரி ட்ரே பண்ணலாம், பிரஸ் வச்சிருக்கிறவங்க காப்பர் பஸ்பார் (வயருக்குப் பதிலா கரண்டைக் கொண்டு போற செம்புப் பட்டை) அடிக்கலாம். பஸ்பார்ல ஓரத்துல பிசிறு இருக்கவே கூடாது, சாதா பிராக்கெட்ல பிசிறு இருந்தா கையைத்தான் கிழிக்கும், இங்க இன்சுலேஷனைக் கிழிச்சு ஷார்ட் ஆயிடும். அதனால ஒவ்வொரு பீஸையும் லென்ஸ் வச்சு பாக்க தனியா ஒரு ஆள் போடுங்க, அதுவே புது வேலைதானே.

பெரிய கம்பெனிங்க ஐஏடிஎஃப் 16949னு வண்டி பார்ட்ஸ் செய்றவங்களுக்கான தரச் சர்டிபிகேட் கேப்பாங்க. பேப்பர் வேலை செம கடுப்பு, வேற வழியில்ல.

அப்புறம் ட்ரெய்னிங். அசெம்ப்ளி பக்கம் போற பசங்களுக்கு ஆரஞ்சு கேபிள்னா ஹை வோல்டேஜ்னு மண்டையில ஏத்திடுங்க. சர்வீஸ் ப்ளக்கை (பேட்டரியோட ஹை வோல்டேஜ் லைனைத் துண்டிக்கிற ப்ளக்) எடுத்த உடனே கை வைக்கக்கூடாது, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மேனுவல்ல போட்டிருக்கிற நிமிஷம் வரைக்கும் காத்திருந்து மீட்டர்ல ஜீரோ பாத்துட்டுத்தான் தொடணும். ரப்பர் க்ளவுஸை மாட்டுறதுக்கு முன்னாடி காத்து அடைச்சு அமுக்கிப் பாருங்க, ஊசி ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.