மறைந்த மருந்து எங்கே போனது? நொதியால் நீரைச் சுத்தப்படுத்தும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு டைக்ளோஃபினாக், வலிப்புக்குக் கார்பமாசெபைன். மூன்றும் நாகர்கோவிலின் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பவை. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு உடம்பை விட்டு வெளியேறிக் கழிவுநீரில் சேர்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் பாராசிட்டமால் பெரும்பாலும் நீங்கிவிடும். டைக்ளோஃபினாக் பாதிக்குப் பாதி தப்பிவிடும். கார்பமாசெபைன் ஏறத்தாழ அப்படியே வெளியே வரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் லேக்கேஸ் என்ற நொதியை நாடுகிறோம். வெண்ணழுகல் பூஞ்சைகள் மரத்தின் லிக்னினைச் சிதைக்கச் சுரப்பது இது. நான்கு செம்பு அணுக்களைக் கொண்டது. நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மருந்து மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்கிறது.

கல்லூரி ஆய்வுகள் பலவற்றில் "90 சதவீதம் நீங்கியது" என்ற முடிவு வரும். நீங்கியதா, எங்கேயாவது ஒட்டிக்கொண்டதா என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும்.

அமிலத்தில் படிந்ததை நொதியின் கணக்கில் எழுதுவது

மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். லேக்கேஸ் pH 4 முதல் 5 வரை நன்றாக வேலை செய்யும் என்பதால் ஆய்வை pH 4-இல் வைக்கிறார்கள். டைக்ளோஃபினாக்கின் pKa (பாதி அமில வடிவிலும் பாதி உப்பு வடிவிலும் நிற்கும் pH) ஏறத்தாழ 4.2. அந்த pH-இல் பாதிக்கு மேல் கரையாத அமில வடிவத்துக்கு மாறிவிடும். லிட்டருக்கு 20 மி.கி. போட்டால் ஒரு பகுதி படிகமாக அடியில் தங்கும், ஒரு பகுதி கண்ணாடியில் ஒட்டும், மீதியை நைலான் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். கருவி குறைவாகக் காட்டுவதில் வியப்பில்லை.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு முறையும் மூன்று குடுவை வையுங்கள்: செயல்படும் நொதி சேர்த்தது, அதே நொதியைக் கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்து சேர்த்தது, நொதியே இல்லாதது. மூன்றுக்கும் ஒரே pH, ஒரே நேரம், ஒரே வடிகட்டி. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே நொதியின் வேலை. கடைசியில் காலிக் குடுவையை மெத்தனாலால் அலசி, அந்த அலசலையும் அளந்து பாருங்கள். வடிகட்டும்போது முதல் 1 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. டைக்ளோஃபினாக் சூரிய ஒளியில் தானாகவே சிதையும். நம் ஊர் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்த குடுவை நொதி இல்லாமலே நல்ல முடிவைக் காட்டும். அலுமினியத் தாளால் முழுதாகச் சுற்றிவிடுங்கள்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டைக்ளோஃபினாக்கை 276 நானோமீட்டரில் வெறும் ஒளிமானியால் படிக்கிறார்கள். நொதியும் ஒரு புரதம்தானே, அது 280-இல் ஒளியை உறிஞ்சும். உடைந்து வந்த விளைபொருள்களும் அந்த இடத்திலேயே நிற்கும். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பார்க்காத எண்ணை நம்ப வேண்டாம்.

அலகு தெரியாமல் நொதி ஊற்றுவது

"5 மி.லி. சாறு சேர்த்தோம்" என்பது அளவே அல்ல. ஏ.பி.டி.எஸ். என்ற சாயப்பொருளை நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் ஆக்சிஜனேற்றினால் அது 1 அலகு. 420 நானோமீட்டரில் படிக்க வேண்டும், ஒளி உறிஞ்சும் கெழு 36,000. ஒரு கணக்கு: மொத்தம் 1 மி.லி. கலவையில் 0.05 மி.லி. சாறு போட்டீர்கள். ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.36 ஏறுகிறது. 0.36-ஐ 36,000-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 10 மைக்ரோமோல், அந்த 1 மி.லி.க்கு 0.01 மைக்ரோமோல். அது 0.05 மி.லி. சாற்றின் வேலை. ஆக, சாற்றில் மி.லி.க்கு 0.2 அலகு. லிட்டருக்கு 100 அலகு வேண்டுமென்றால் அரை லிட்டர் சாறு ஊற்ற வேண்டியிருக்கும்! மருந்து "குறைந்தது" வெறுமனே நீர்த்துப்போனதால்தான். சாற்றை முதலில் நொதியைத் தடுத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியே விடும் 10 கிலோடால்டன் சவ்வில் செறிவூட்டிக்கொள்ளுங்கள். குவாயகால் என்ற வேறொரு பொருளில் அளந்த அலகையும் ஏ.பி.டி.எஸ்.ஸில் அளந்த அலகையும் ஒப்பிடவும் கூடாது.

இன்னொன்று: அலகை pH 4.5-இல் அளந்துவிட்டு, pH 7.5 உள்ள கழிவுநீரில் அதே வேகத்தை எதிர்பார்ப்பது. அங்கே வேகம் வெகுவாக விழும். ஓடுகிற கழிவுநீர் முழுவதையும் அமிலமாக்கிப் பின் சுண்ணாம்பு போட்டு மீட்பது எந்த நிலையத்துக்கும் கட்டுபடியாகாது. உண்மையான நீரின் pH-லேயே சோதியுங்கள்.

காளான் பையிலிருந்து சாறு எடுக்கும்போது

அறுவடை முடிந்த சிப்பிக்காளான் வைக்கோலில் லேக்கேஸ் இருக்கிறது. விலை குறைவு, நல்ல வழி. ஒரு பங்கு வைக்கோலுக்கு ஐந்து பங்கு தாங்கல் கரைசல் (pH மாறாமல் காக்கும் கரைசல்), குளிரில் ஒரு மணி நேரம் குலுக்கி, துணியில் பிழிந்து, சுழற்றித் தெளியவைக்கலாம். ஆனால் வைக்கோலை எப்படித் தொற்றுநீக்கினார்கள் என்று பண்ணைக்காரரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். கார்பெண்டசிம், ஃபார்மலின் கலந்த நீரில் ஊறவைப்பது பரவலான வழக்கம். அந்த வைக்கோலின் சாற்றை ஊற்றினால், மருந்தை எடுக்கப் போய்ப் பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்தவர்களாவோம். வெந்நீரிலோ ஆவியிலோ தயாரித்த பை மட்டுமே வேண்டும். பச்சைப் பூசணம் பிடித்த பையையும் தள்ளிவிடுங்கள்.

கெடாமலிருக்கச் சோடியம் அசைடு போடுவது ஆய்வகப் பழக்கம். லேக்கேஸுக்கு அது நேரடி நஞ்சு, செம்பு அணுக்களைப் பற்றிக்கொள்ளும். சவ்வுக் குழாய்களை அசைடில் ஊறவைத்து விற்பதும் உண்டு. பலமுறை கழுவாமல் பயன்படுத்தினால், நேற்று வேலை செய்த நொதி இன்று ஏன் செத்தது என்று புரியாமல் தவிக்க நேரும்.

நம் ஆற்று நீர் ஆய்வக நீர் அல்ல

ஒழுகினசேரியில் எடுத்த பழையாற்று நீரும், அதே ஆறு கடலில் சேரும் மணக்குடியில் எடுத்த நீரும் ஒன்றல்ல. பொழிமுகத்தில் உப்பு ஏறும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. குளோரைடு லேக்கேஸைத் தடுக்கும், எவ்வளவு என்பது பூஞ்சைக்குப் பூஞ்சை மாறும். முதலில் வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடை அளந்து, அதே அளவு உப்பில் நொதியின் அலகைச் சோதித்த பின் தொடங்குங்கள். தேங்காய்த் தொண்டு (மட்டை) ஊறப்போடும் காயல் நீரில் டானின் மிகுதி. நொதி மருந்தை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தின்னும். மருத்துவமனைக் கழிவில் பிளீச்சிங் பவுடர் எச்சம் இருந்தால் நொதி நிமிடங்களில் சாகும்.

சாக்கடை நீரில் ஆக்சிஜனும் குறைவு. 30 டிகிரியில் நிறைந்த நீரிலேயே லிட்டருக்கு 7.5 மி.கி.தான். மெதுவாகக் காற்றூட்டுங்கள். நுரை பொங்க அடித்தால் புரதம் உருக்குலையும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் எடுத்த ஒரு குப்பி நீரை ஏப்ரலில் எடுத்ததோடு ஒப்பிட்டு முடிவு சொல்லக் கூடாது.

மணிகளும் துணைப்பொருள்களும்

நொதியை ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிக்குள் அடைத்துப் பாஸ்பேட் தாங்கலில் போடுவார்கள். மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பாஸ்பேட் பிடுங்கிவிட, மணி கரைந்து கூழாகும். அசிடேட் தாங்கல் போதும். சிரட்டைக் கரியை நொதியைத் தாங்கும் பொருளாக்கினால் கரியே மருந்தை உறிஞ்சும், ஆகவே நொதியில்லாக் கரியோடு ஒப்பீடு கட்டாயம்.

கார்பமாசெபைனை லேக்கேஸ் தனியாக அசைப்பது கடினம். அதற்காக எச்.பி.டி. போன்ற இடையூடிகளை (நொதிக்கும் மருந்துக்கும் இடையே எலக்ட்ரானைக் கடத்தும் துணைப்பொருள்களை) சேர்க்கிறார்கள். அவற்றின் எச்சமே நீரை மருந்தைவிட நச்சாக்கக்கூடும். எனவே வெளிவரும் நீரில் டாஃப்னியா நீர்ப்பூச்சியை 48 மணி நேரம் விட்டு, அசைந்து நீந்துகிறதா என்று பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி என்றால், ஈ.கோலை பாக்டீரியாவைப் புதிதாகப் பரப்பிய அகார் தட்டில் ஒரு சொட்டு வைத்துத் தடுப்பு வளையம் சுருங்குகிறதா என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். இடையூடி மட்டும் கலந்த நீருக்கும் அதே சோதனை வேண்டும். ஓய்ந்துபோன மணிகளிலும் கரியிலும் மருந்து ஒட்டியிருக்கும். அவற்றைத் தென்னை மூட்டில் கொட்டாமல், மூடிய கலத்தில் இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள்.